சுழியோடிய இரவே எரிமலை ஏறலாமா?

கேள்வி: தலவாக்கலையில் வசிக்கிறேன். சுழியோடப் பழகிச் சான்றிதழ் பெற்றது திருகோணமலையில். இப்போது நண்பர்களுடன் பாலித் தீவுக்குப் போகிறேன். துலம்பென் கரையிலிருந்து ஒரே பகலில் இரண்டு தடவை சுழியோடிவிட்டு, அன்றிரவே பத்தூர் எரிமலையில் ஏறிச் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று பிரயாண முகவர் அட்டவணை தந்திருக்கிறார். "மலைநாட்டு ஆளுக்கு இதெல்லாம் ஒரு மலையா?" என்கிறார். போகலாமா?

பதில்: இந்த ஒழுங்கில் போகக் கூடாது. நீங்கள் மலையில் பிறந்து வளர்ந்ததற்கும் கடலடியில் உங்கள் உடலில் கரையும் நைதரசனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரு மடங்காகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசைகளிலும் கூடுதலாகக் கரைந்து, கரையேறிய பின்னர் பல மணித்தியாலங்களில் மெல்ல மெல்லத்தான் வெளியேறுகிறது. அதற்குள் அமுக்கம் குறைந்த உயரத்துக்குப் போனால், சோடாப் போத்தலைத் திறந்ததும் நுரை எழுவது போல உடலுக்குள் குமிழிகள் உண்டாகி, மூட்டுவலி, விறைப்பு, சில வேளை கைகால் இயங்காத நிலை வரை கொண்டுபோய்விடும். மலை ஏறியவருக்கு முழங்கால் வலித்தால் ஏறிய களைப்பு என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? சிகிச்சை தாமதமாவது அங்கேதான்.

விமானம் ஏறுவதற்குச் சொல்லப்படும் கணக்கை 600 மீற்றருக்கு மேற்பட்ட மலைக்கும் கொள்ளுங்கள்: ஒரு தடவை மட்டும் சுழியோடினால் 12 மணித்தியாலம், பல தடவை என்றால் 18. பத்தூரின் உச்சி 1717 மீற்றர். பிற்பகல் 3 மணிக்குக் கரையேறினால் மறுநாள் காலை 9 மணி வரை பொறுத்திருக்க வேண்டும். முகவரோ அதிகாலை 4 மணிக்கே உங்களை அடிவாரத்தில் நிறுத்துகிறார், அந்த அடிவாரமே 1000 மீற்றருக்கு மேல்.

கடலை ஒருவர் விற்கிறார், மலையை இன்னொருவர் விற்கிறார், இரண்டையும் ஒரே தாளில் ஒட்டித் தருபவர் தரகர். மூவரில் எவரும் மற்றவரைக் கேட்பதில்லை. விடுதிகளின் கட்டில்களையும் கழிவறைகளையும் எண்ணிப் பார்த்து அனுமதி கொடுக்கும் அதிகாரிகளுக்கு, இந்த 18 மணித்தியாலத்தை அட்டவணையில் அச்சிடுங்கள் என்று ஒரு வரி உத்தரவிட என்ன தடை என்பது எனக்கு விளங்கவேயில்லை. உங்கள் பயணக் காப்புறுதியில் சுழியோடுதல் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பத்திரத்தையே வாசித்துப் பாருங்கள். தரகரின் வாய்ச்சொல் போதாது.

மலை ஏறாமல் உபுட் நகருக்குப் போவதானாலும் ஒரு பொறி இருக்கிறது. காட்சி அழகாக இருக்கும் என்று சாரதி கிந்தாமணி வழியாக வாகனத்தைத் திருப்புவார். அந்தப் பாதை ஏறத்தாழ 1500 மீற்றர் உயரத்தைத் தொடுகிறது. வாகனத்துக்குள் நித்திரை கொண்டாலும் உயரம் உயரந்தான். கால் மணித்தியாலந்தானே என்ற சமாதானமும் வேண்டாம். அம்லாபுரா, சண்டிதாசா ஊடாகச் செல்லும் கரையோரப் பாதைதான் வேண்டுமென்று புறப்படும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

துலம்பென் கரையில் மணல் குறைவு; உருண்டு புரளும் கரிய எரிமலைக் கற்களே அதிகம். தடித்த அடியுள்ள காலணி அணிந்து, இடுப்பளவு நீருக்குப் போன பின்பே கால் துடுப்புகளை மாட்டுங்கள். காற்றுத் தொட்டிகளை உள்ளூர்ப் பெண்கள் தலையில் சுமந்து தருவார்கள்; உரிய கூலியைக் கொடுத்து அவர்களிடமே விடுங்கள். கரையேறிய கையோடு பாரம் தூக்குவதும் குமிழிகளுக்கு இடங்கொடுக்கும்.

எனவே பத்தூரை முதலில் ஏறி முடியுங்கள். மறுநாள் கடலில் இறங்குங்கள். கடைசியாகக் கரையேறியதிலிருந்து 18 மணித்தியாலம் கழித்தே விமானம் ஏறுங்கள். திருகோணமலையில் சுழியோடிவிட்டு அன்றிரவே தலவாக்கலைக்கு பஸ் பிடிப்பதும் இதே தவறுதான். அந்த இரவைக் கடற்கரையிலேயே தங்கி, மறுநாள் வீடு திரும்புங்கள்.