டோலோவும் டைலனாலும் ஒரே மருந்துதான், தம்பி

ஜனவரியில் நியூஜெர்சிக்கு வந்ததாகவும், ஏப்ரல் தொடங்கியதிலிருந்து மூன்று வாரமாகத் தும்மல், மூக்கில் தண்ணீராக ஒழுகல், கண் அரிப்பு, ஆனால் காய்ச்சல் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கடையில் சுவர் முழுக்க அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்துக் குழம்பி, பகலுக்கு டேக்வில், இரவுக்கு நைக்வில் என்ற சளி மருந்துகள் இரண்டும் சேர்ந்த ஒரு பெட்டியை வாங்கி வந்திருக்கிறீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650-உம் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையும் கையில் இருக்கின்றன, எல்லாவற்றையும் சேர்த்துப் போடலாமா என்பது உங்கள் கேள்வி. வேண்டாம் தம்பி. சேர்த்து மட்டும் போடாதீர்கள்.

நான் டாக்டரும் இல்லை, பார்மசிஸ்டும் இல்லை. இதே நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் பன்னிரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள். நீங்கள் இப்போது செய்யப்போவதை என் முதல் குளிர்காலத்தில் நான் செய்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு நல்ல காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. பகலில் மூன்று வேளை டேக்வில், படுக்கும்போது நைக்வில். பெட்டியில் போட்டிருந்த அளவைத் தாண்டவே இல்லை. ஆனால் அவை சளி மருந்து, காய்ச்சலுக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்று நினைத்து, அம்மா கட்டிக் கொடுத்திருந்த டோலோவையும் மூன்று வேளை போட்டேன். மூன்றாம் நாள் குமட்டல் தாங்கவில்லை. என் கணவர் எல்லாப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினார். அங்கிருந்த பார்மசிஸ்ட் அம்மா டோலோ அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டார். டேக்வில், நைக்வில் இரண்டிலுமே ஒரு வேளைக்கு இரண்டு கேப்ஸ்யூல். ஒரு கேப்ஸ்யூலில் 325 மி.கி. அசிட்டமினோஃபென், ஆக வேளைக்கு 650. நான்கு வேளைக்கு 2600. டோலோ மூன்று, 1950. மொத்தம் ஒரு நாளைக்கு 4550 மி.கி.

ஊரில் நாம் பாரசிட்டமால் என்று சொல்வதைத்தான் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். டைலனால் என்பதும் அதுவே. டோலோ, கால்பால், குரோசின் எல்லாம் அதே மருந்து. இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு எல்லா வழியிலும் சேர்த்து 4000 மி.கி. பல டாக்டர்கள் 3000-க்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். கல்லீரல் கோளாறு இருப்பவர்களுக்கும் தினமும் மது அருந்துபவர்களுக்கும் அதைவிடக் குறைவு. (வழக்கமான நைக்வில் திரவத்திலேயே 10 சதவீதம் ஆல்கஹால் உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை.) அளவு மீறினால் முதல் நாள் ஒன்றுமே தெரியாமல்கூட இருக்கும், ஆனால் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அந்த விஷத்தை முறிக்கும் மருந்து உண்டு. அதை முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். எனக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள், கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்மசிஸ்ட் அம்மா கணக்குப் போட்ட தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து பெட்டியின் முன்பக்கத்தை நான் நம்புவதில்லை. பின்னால் ‘ட்ரக் ஃபேக்ட்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் முதல் வரியே ‘ஆக்டிவ் இன்கிரீடியன்ட்ஸ்’. எந்த மருந்து, எத்தனை மி.கி., பக்கத்தில் அது எதற்கு என்பதும் இருக்கும். எந்தப் பெட்டியானாலும் அந்த வரியைப் படியுங்கள். உங்களுக்கு இல்லாத தொந்தரவுக்கு அதில் மருந்து இருந்தால் அந்தப் பெட்டி உங்களுக்கானது இல்லை.

இப்போது உங்கள் உடம்புக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது சளியாகவே தெரியவில்லை. சளி ஒரு வாரம், பத்து நாளில் இறங்கிவிடும். கண் அரிப்பு, தெளிந்த தண்ணீர், காய்ச்சல் இல்லாமல் மூன்று வாரம் என்றால் மகரந்த அலர்ஜிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. காலையில் கார் மேல் மஞ்சள் பொடி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது மரங்களின் மகரந்தம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் இங்கே ஓக் மரமும் பிர்ச் மரமும் படுத்தும் பாடு கொஞ்சமில்லை. ஆகஸ்டு கடைசியில் ராக்வீட் என்ற களை வேறு வரும். காய்ச்சலோ மூச்சு இரைப்போ வந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

அலர்ஜி என்றால் உங்களுக்கு டேக்விலும் வேண்டாம், நைக்விலும் வேண்டாம். காய்ச்சலும் இருமலும் இல்லாதவருக்கு அவற்றுக்கான மருந்து எதற்கு? கையிலிருக்கும் செட்டிரிசினே போதும். இங்கே ஸிர்டெக் என்று விற்பது அதுதான். 10 மி.கி. மாத்திரை நாளைக்கு ஒன்று, இரவில் போட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குத் தூக்கம் வரும். நைக்விலிலும் டாக்சிலமைன் என்ற தூக்கம் தரும் அலர்ஜி மருந்து இருக்கிறது. இரண்டையும் ஒரே இரவில் போட்டுவிட்டு மறுநாள் காலை டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. ஊர் மாத்திரை தீர்ந்ததும் காஸ்ட்கோ கடையில் அலெர்-டெக் என்ற பெயரில் அதே செட்டிரிசின் 365 மாத்திரை ஒரு புட்டியில் கிடைக்கும், விலையும் குறைவு. சீசன் முடிந்தும் பழக்கத்தில் தொடராதீர்கள். மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டு நிறுத்தும்போது அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான அரிப்பு வருவதாக இங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 மே மாதம் எச்சரித்தது. தூக்கம் ஒத்துவரவில்லை என்றால் அலெக்ரா என்ற இன்னொரு அலர்ஜி மாத்திரை இருக்கிறது, அதைப் பழச்சாற்றோடு விழுங்காமல் தண்ணீரோடு விழுங்க வேண்டும்.

அப்புறம் இந்த ‘டி’ என்ற எழுத்து. ஸிர்டெக்-டி, கிளாரிட்டின்-டி என்று பார்ப்பீர்கள். அலர்ஜி மருந்தோடு மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் சேர்ந்தது. 2006-இல் வந்த சட்டப்படி அதை அலமாரியில் வைக்க மாட்டார்கள், கவுன்டரில் அடையாள அட்டை காட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். போதைப் பொருள் தயாரிக்கிறவர்கள் அதை வாங்கிக் குவித்ததால் வந்த கட்டுப்பாடு இது, உங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்று சங்கடப்பட வேண்டாம். ஆனால் பிரஷர் உள்ளவர்களுக்கு இது ஆகாது. அப்பா இங்கே வந்திருந்தபோது மூக்கடைப்பு என்று நான் ஒரு ‘டி’ மாத்திரை கொடுத்தேன். அவருக்கு பிரஷர் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தும் யோசிக்கவில்லை. இரவு முழுக்க நெஞ்சு படபடத்து, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெற்றோரை அழைக்கும்போது இதை மறக்காதீர்கள். புராஸ்டேட் வீக்கம் இருப்பவர்களுக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம்.

அலமாரியிலேயே கிடைக்கும் மூக்கடைப்பு மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது ஃபினைல்எஃப்ரின், பெட்டியில் ‘பி.இ.’ என்று இருக்கும். டேக்விலிலும் அதுதான். வாயால் விழுங்கினால் அது மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று 2023-இல் எஃப்.டி.ஏ.யின் நிபுணர் குழு ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் அதை மூக்கடைப்பு மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கவும் எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள். ஆஃப்ரின் போன்ற ஸ்பிரே உடனே மூக்கைத் திறக்கும், ஆனால் மூன்று நாளுக்கு மேல் அடித்தால் முன்னைவிட மோசமாக அடைக்கும். ஃப்ளோனேஸ் என்ற ஸ்பிரே வேறு வகை. சில நாள் விடாமல் அடித்தால்தான் பலன் தெரியும், சீசன் முழுக்க ஓட்டுவதற்கு அதுதான் நல்லது.

பெனட்ரில் என்று பார்த்ததும் ஊர் இருமல் மருந்து என்று எடுத்துவிடாதீர்கள். இங்கே அது அலர்ஜி மாத்திரை, நன்றாகத் தூங்க வைக்கும். டைலனால் பி.எம்., இஸட்-குவில் இரண்டிலும் இருப்பதும் அதே டைஃபென்ஹைட்ரமைன்தான். வயதானவர்களுக்குக் கொடுத்தால் குழப்பமும் தடுமாற்றமும் வரும்.

அடுத்த மாதம் மனைவியும் மூன்று வயது மகளும் வருவதாகச் சொன்னீர்கள். நான்கு வயதுக்குள் சளி, இருமல் கலவை மருந்து கொடுக்க வேண்டாம் என்று பெட்டியிலேயே இருக்கும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இருமலுக்குத் தேன் கொடுக்கலாம், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு. காய்ச்சல் சிரப்பில் ரொம்பக் கவனம் வேண்டும்: ஊரில் 5 மி.லி.க்கு 120 மி.கி.யும் உண்டு, 250-உம் உண்டு, இங்கே 160. ஊரில் டாக்டர் சொன்ன ‘ஒரு ஸ்பூன்’ கணக்கை இங்குள்ள புட்டிக்கு வைக்காதீர்கள். குழந்தையின் எடையைச் சொல்லிப் பார்மசிஸ்டிடம் கேட்டு, மருந்தோடு வரும் சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

இங்கே பார்மசிஸ்டிடம் பேசக் காசு கிடையாது, அப்பாயின்ட்மென்ட்டும் வேண்டாம். ஊர் அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அளவு கூடிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் 1-800-222-1222, பாய்சன் ஹெல்ப் எண், இரவு பகல் எந்நேரமும் இலவசம். உடம்பில் ஏதாவது தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். யாராவது மயங்கி விழுந்தாலோ மூச்சுத் திணறினாலோ 911. எங்கள் வீட்டில் இரண்டு எண்ணும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கின்றன. நான்கைந்து நாள் செட்டிரிசின் போட்டும் கண் அரிப்பு அடங்கவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள் தம்பி.