எருசலேம் ஆலயத்துக்குப் பாரசீக அரசர்கள் கொடுத்தது காணிக்கையா, வரிப்பணமா?

இரண்டும் உண்டு, அவற்றை ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. தரியு அரசர், ஆலயக் கட்டுமானச் செலவை யூப்ரடீஸ் நதிக்கு அப்புறத்து (அதாவது மேற்கே, எருசலேம் இருந்த) மாகாணத்தின் வரியிலிருந்து கொடுக்கவும், பலிக்கான காளைகள், ஆட்டுக்கடாக்களோடு கோதுமை, உப்பு, திராட்சரசம், எண்ணெய் ஆகியவற்றை நாள் தவறாமல் அளிக்கவும் ஆணையிட்டார். தமக்காகவும் தம் பிள்ளைகளுக்காகவும் மன்றாட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் வெளிப்படையாகவே இருந்தது.

பின்னாளில் ஆண்ட பாரசீக அரசர் அர்தசஷ்டாவின் 7-ஆம் ஆட்சியாண்டில் யூத ஆசாரியரான எஸ்றா எருசலேமுக்குக் கொண்டுசென்ற வெள்ளியும் பொன்னுமோ, அரசரும் அவருடைய 7 ஆலோசகர்களும் மனமுவந்து கொடுத்தவை என்று வேதாகமத்தின் எஸ்றா நூலின் 7-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதற்கு மேல் தேவைப்படுவதை நதிக்கு அப்புறத்துக் கருவூலக்காரர்கள் கொடுக்க வேண்டும் என்ற அரசர், வெள்ளிக்கு 100 தாலந்து (ஒரு பழைய எடை அளவு), கோதுமைக்கு 100 கலம் என வரம்பு விதித்துவிட்டு, உப்பை மட்டும் அளவில்லாமல் கொடுக்கச் சொன்னார். எல்லாக் காணிக்கையோடும் உப்பைப் படைக்க வேண்டும் என்ற, யூதரின் சட்டநூலான லேவியராகமத்தின் கட்டளையை அறிந்த ஒரு யூதரின் உதவி அந்த ஆணையை எழுதும்போது இருந்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.