நமீபியா செல்ல விரும்புவோருக்கு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பத்து நாள் விடுமுறையில் சோசஸ்ஃப்ளே மணல்மேடுகள், எட்டோஷா வனவிலங்குப் பூங்கா, ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு, மணல் புகுந்த கைவிடப்பட்ட ஊரான கோல்மான்ஸ்கோப் ஆகிய நான்கையும் காரிலேயே பார்த்துவிட முடியுமா?

வரைபடத்தில் முடியும்போலத் தோன்றும். ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். நமீபியாவின் பரப்பு சுமார் 8,25,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ 30 லட்சம் அளவில்தான் உள்ளது. தலைநகர் விண்ட்ஹுக்கிலிருந்து சோசஸ்ஃப்ளேயின் நுழைவாயிலான செஸ்ரீம் வரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர்தான் என்றாலும், பெரும்பகுதி சரளைச் சாலை என்பதால் ஐந்து மணி நேரம் ஒதுக்க வேண்டும். நீங்கள் சொன்ன கடைசி இரண்டு இடங்களும் நாட்டின் தென்கோடியில் உள்ளவை. செஸ்ரீம், கடலோர நகரமான ஸ்வாகோப்முண்ட், எட்டோஷா என்று மூன்று இடங்களில் இரண்டிரண்டு, மூன்று மூன்று இரவுகள் தங்குங்கள். இந்த நாட்டில் அவசரப்படுகிறவர்கள் சாலையை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

கேள்வி: சிறிய கார் போதுமா, நான்கு சக்கர இயக்க வண்டிதான் வேண்டுமா? வயதான பெற்றோரும் உடன் வருகிறார்கள்.

மேலே சொன்ன மூன்று இடங்களுக்கும் சாதாரண கார் போய்விடும். சோசஸ்ஃப்ளேக்கு முந்தைய ஏறத்தாழ 5 கிலோமீட்டர் மட்டும் ஆழமான மணல். அங்கே காரை நிறுத்திவிட்டுக் கட்டண வண்டியில் ஏறிக்கொள்ளலாம். ஆனாலும் பெற்றோருக்காகச் சற்று உயரமான வண்டியை எடுப்பதே நல்லது. சரளைச் சாலையின் தொடர் அதிர்வு முதுகுக்குக் கடினம்.

வண்டியைவிட ஓட்டும் முறைதான் முக்கியம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இங்கே வெளிநாட்டுப் பயணிகளின் கார்கள் கவிழ்வது பெரும்பாலும் எதிர்வண்டி மோதியதால் அல்ல. உதிரிக் கற்களின் மீது வேகமாகச் சென்று, வளைவிலோ விலங்கைக் கண்டோ திடீரென்று பிரேக் அடித்ததால்தான். சரளையில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள், டயரின் காற்றழுத்தத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று வாடகை நிறுவனத்திடமே கேளுங்கள், இரண்டு உதிரிச் சக்கரங்கள் தருமாறு வற்புறுத்துங்கள், பெட்ரோல் நிலையம் தென்படும் இடத்திலெல்லாம் தொட்டியை நிரப்புங்கள். குடூ போன்ற பெரிய மான்கள் இருட்டில் சாலையைக் கடப்பதால், சூரியன் மறையும் முன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். வாகனங்கள் நம்மைப் போலவே இடப்பக்கம் செல்வது ஒரு வசதி.

கேள்வி: எந்த மாதம் சிறந்தது?

வனவிலங்குகளுக்காக என்றால் ஜூலை முதல் அக்டோபர் வரை. மழையில்லாத அந்த மாதங்களில் விலங்குகள் குடிநீர்க் குட்டைகளைத் தேடி வந்தே ஆக வேண்டும். எட்டோஷாவின் ஒகாகுவேயோ முகாமில் இரவு முழுவதும் விளக்கொளி படும் குட்டை ஒன்று இருக்கிறது. கறுப்புக் காண்டாமிருகம் அங்கே தண்ணீர் குடிக்க வருவதைப் பெஞ்சில் அமர்ந்தபடியே காணலாம். ஜூன், ஜூலை இரவுகளில் பாலைவனத்தின் வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கக்கூடும் என்பதால் கம்பளி உடை அவசியம்.

கேள்வி: மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு வந்த சிவிங்கிப்புலிகளை அவற்றின் தாயகத்தில் எட்டோஷாவில் பார்க்க முடியுமா?

பார்க்கலாம், ஆனால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். 2022 செப்டம்பரில் இந்தியாவுக்கு 8 சிவிங்கிப்புலிகளை அனுப்பிய நமீபியாவில், சிவிங்கிப்புலிகளில் பெரும்பாலானவை தேசியப் பூங்காக்களுக்கு வெளியே, தனியார் கால்நடைப் பண்ணை நிலங்களில்தான் வாழ்கின்றன. சிங்கமும் கழுதைப்புலியும் அங்கே குறைவு என்பதே காரணம். ஒச்சிவாரோங்கோ அருகிலுள்ள சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு மையம், எட்டோஷா செல்லும் வழியில் நிறுத்திப் பார்க்கத் தக்கது.

கேள்வி: நமீபியப் பாலைவனப் படங்களில் வரும் கரிய பட்ட மரங்கள் எரிந்துபோனவையா?

இல்லை. சோசஸ்ஃப்ளே அருகிலுள்ள அந்த இடத்தின் பெயர் டெட்ஃப்ளே. ஒரு காலத்தில் சௌசாப் ஆற்றின் வெள்ளம் அங்கே வந்து தேங்கியது. வேல மர இனம் ஒன்று அங்கே வளர்ந்தது. பின்னர் மணல்மேடுகள் நகர்ந்து ஆற்றின் வழியை அடைத்ததால், சுமார் 600, 700 ஆண்டுகளுக்கு முன் அவை பட்டுப்போயின. மட்கச் செய்யும் ஈரமே காற்றில் இல்லாததால் விழாமல் நிற்கின்றன. கருமை வெயிலால் வந்தது. செஸ்ரீம் வாயிலுக்கு உள்ளே அமைந்த தங்குமிடத்தில் இடம் பிடித்தால், வெளியில் தங்குவோரைவிட முன்னதாகப் புறப்பட்டு, வெயில் ஏறும் முன் அங்கே சேரலாம். மரங்களின் மீது சாயவோ ஏறவோ கூடாது.

கேள்வி: ஸ்வாகோப்முண்ட் ஒரு சிறிய ஜெர்மன் நகரம் போலவே இருக்குமாமே? குழந்தைகளுக்கு அதன் வரலாற்றை எப்படிச் சொல்வது?

முழுமையாகச் சொல்லுங்கள். 1884 முதல் 1915 வரை நமீபியா ஜெர்மானியக் குடியேற்ற நாடு. 1904இல் ஹெரேரோ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, தளபதி லோதர் ஃபான் ட்ரோத்தா அவர்களை அழித்தொழிக்க ஆணையிட்டார்; நீரற்ற ஒமஹேக்கே பகுதிக்குள் விரட்டப்பட்டவர்கள் தாகத்தால் மடிந்தனர். எஞ்சிய ஹெரேரோக்களும், பின்னர் நாமா மக்களும் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டனர். தெற்குக் கடலோர ஊரான லூடெரிட்ஸ் அருகே ஷார்க் தீவில் ஒன்று இருந்தது, ஸ்வாகோப்முண்டிலும் இருந்தது. அதை இனப்படுகொலை என்று ஜெர்மானிய அரசு ஏற்றது 2021இல்தான். ஸ்வாகோப்முண்டின் விளிம்பில், பராமரிக்கப்பட்ட ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால், முகாமில் மடிந்தவர்களைப் புதைத்த பெயரில்லாத மண்மேடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லாமல் கட்டடங்களை மட்டும் காட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

கேள்வி: பணம், மின்செருகி, சைவ உணவு?

நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் சம மதிப்புடையவை, இரண்டும் செல்லும். நம் வீடுகளில் ஏர் கண்டிஷனருக்குப் பயன்படும் பெரிய மூன்று முனைச் செருகியே அங்கும் பொருந்தும். உணவகங்களில் இறைச்சியே முதன்மை. சைவர்கள் விண்ட்ஹுக்கின் பேரங்காடிகளில் அரிசி, பருப்பு வாங்கிக்கொண்டு, சமையல் வசதியுள்ள அறைகளைத் தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: ஸ்வாகோப்முண்ட் அருகே வெறும் கற்சமவெளிதானே, அங்கே சாலையை விட்டு ஓட்டிப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். வெறுமையாகத் தெரியும் அந்த நிலத்தில் கல்லோடு கல்லாகப் படர்ந்திருப்பவை, குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் எழுப்பும் கடல்மூடுபனியை உறிஞ்சி வாழும் பாசிக்காளான்கள் (லைக்கன்கள்). ஒருமுறை பதிந்த சக்கரத் தடம் பல பத்தாண்டுகள் அழிவதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் வாழும், இரண்டே இலைகள் கொண்ட வெல்விட்சியா என்ற பாலைச் செடியைக் காண வேண்டுமானால், அதற்கென அமைந்த பாதை ஒன்று உள்ளது. முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெற்று அதில் மட்டும் செல்லுங்கள்.