ஐந்து கம்பி பேஸ் கிட்டாரில் பி கம்பி மட்டும் ஏன் தொளதொளக்கிறது?

லோ பி என்பது ஈ கம்பிக்கும் கீழே வரும் ஐந்தாவது கம்பி. ஈ நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். இது 31 முறைதான். அதே 34 இன்ச் நீளத்தில் அவ்வளவு தாழ்ந்த சுரம் வர, கம்பி தடிமனாக இருக்க வேண்டும், இல்லையேல் முறுக்கைத் தளர்த்தியாக வேண்டும். தளர்த்தினால் தொய்ந்த துணிக்கொடி கதைதான்: வீசி ஆடும், பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மோதிக் கடகடக்கும்.

0.125 இன்ச் தடிமனுள்ள கம்பி தளர்வாகப் பட்டால் 0.130 அல்லது 0.135 போடுங்கள். நட் என்பது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பட்டை. அதன் பள்ளத்தில் கம்பி முழுதாக உட்காராவிட்டால் பள்ளத்தை அராவ வேண்டும் (அளவோடு, கூடிப்போனால் புது நட்தான்). பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தக் கருவி) கம்பியை ஒட்டி நின்றால் காந்தம் இழுத்துச் சுரம் தள்ளாடும், கொஞ்சம் இறக்குங்கள்.

ஒலி தெளிவில்லை என்று ஆம்பில் பேஸ் குமிழைக் கூட்டுவது பலர் செய்யும் தவறு. சுரத்தைக் காது பிடிப்பது பெரும்பாலும் அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல்சுரங்களில் என்பதால், கூட்ட வேண்டியது மிட் (நடு அலைவரிசைக் குமிழ்).