குடியா, குணமா?

தங்கச்சி, உங்கட மனிசன் தினமும் சாராயம் குடிச்சிட்டு பிழையெல்லாம் உங்கட தலையில போடுறார், இது குடியா குணமா எண்டு கேட்டிருந்தீங்க. ரெண்டும் ஒண்டையொண்டு வளர்க்கும். தன்னை மிகையா உயர்த்திப் பார்க்கிறவருக்குச் சின்ன அவமானமும் தாங்காது; அதை மறக்கக் குடிப்பார். நெடுநாள் குடியும் ஆளைத் தன்னலக்காரராக்கும். அதால குடி நிண்டு கொஞ்சக்காலம் பார்க்காமல் ஆளுமைக் கோளாறு (நெடுங்காலமா ஆளிட குணத்திலயே இருக்கிற மனநலக் குறை) எண்டு டாக்டர்மார் லேசில முடிவெடுக்கமாட்டாங்க. குடி பழக முந்தி எப்படி இருந்தவர் எண்டு மாமியிட்டக் கேளுங்க, அதுதான் பெரிய துப்பு.

கோபத்தில போத்தலை ஒளிச்சு ஒரேயடியா நிப்பாட்ட மட்டும் வைக்காதீங்க. 2, 3 நாளுக்குள்ள வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவில காட்டுங்க. அவர் வராட்டி நீங்க மட்டுமாவது போய்க் கதையுங்க. தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கும் கோல் எடுக்கலாம். அடிக்கிறார் எண்டா, பிள்ளைகளோட அம்மா வீட்ட போயிடுங்க.