எவரெஸ்ட் அடிவார முகாம்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை (நுகர்வோர் கேள்வி-பதில்)

நேபாளத்தின் கும்பு பகுதியில் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கும் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்து செல்ல விரும்பும் வாசகர்கள், பயணத் திட்டம், உபகரணங்கள், காப்பீடு ஆகியவற்றைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் அளிக்கிறோம்.

கேள்வி: நானும் என் தம்பியும் அக்டோபரில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்லத் திட்டமிட்டுள்ளோம். ஒரு நிறுவனம் ஆளுக்கு 58,000 ரூபாய்க்கு 11 நாள் திட்டமும், இன்னொரு நிறுவனம் 79,000 ரூபாய்க்கு 14 நாள் திட்டமும் தருகின்றன. லுக்லா விமானம் (நடை தொடங்கும் ஊர் வரை), வழிகாட்டி, தங்குமிடம், உணவு ஆகியவை இரண்டிலும் உண்டு. மூன்று நாளுக்காக 21,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா? (கோயம்புத்தூர்)

பதில்: கொடுக்கலாம். ஆனால் அந்த மூன்று நாள்கள் எந்த ஊரில் செலவாகின்றன என்பதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். இந்தப் பயணத்தில் நீங்கள் விலை கொடுத்து வாங்குபவற்றில் முதன்மையானவை நாள்கள்தான். ஷூவையும் ஜாக்கெட்டையும் காத்மாண்டுவில்கூட வாங்கிக்கொள்ளலாம். திட்டத்தில் இல்லாத ஓய்வு நாளை மலைமேல் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவில் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே ஊரில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பதும் மலைப்பகுதி மருத்துவர்கள் வகுத்துள்ள பொது விதி. அடிவார முகாமில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் என்பதால், உடல் அதற்குப் பழகக் கால அவகாசம் வேண்டும். வழியில் உள்ள ஊர்களின் உயரத்தைப் பாருங்கள்: லுக்லா 2,860 மீட்டர், நாம்சே பஜார் 3,440, டெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, லொபுச்சே 4,940, கோரக்‌ஷெப் ஏறத்தாழ 5,160. டெங்போச்சேயிலிருந்து டிங்போச்சேக்குப் போகும் நாளில் உயரம் 550 மீட்டர் கூடிவிடுகிறது. ஒழுங்கான திட்டங்களில் நாம்சேயில் இரண்டு இரவும் டிங்போச்சேயில் இரண்டு இரவும் இருப்பதற்கு இதுதான் காரணம். நாளைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது டிங்போச்சேயின் இரண்டாவது இரவில். சிலர் லொபுச்சேயில் தங்காமல், டிங்போச்சேயிலிருந்து ஒரே நாளில் 750 மீட்டர் ஏற்றி கோரக்‌ஷெப்புக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். உங்கள் 11 நாள் திட்டத்தில் இவற்றில் எது நடந்திருந்தாலும் அதை மலிவான திட்டம் என்று எண்ண வேண்டாம். உயர நோயால் பாதி வழியில் திரும்பினால், கட்டிய 58,000 ரூபாயும் வீண்தான்.

ஆகவே, இரண்டு நிறுவனங்களிடமும் "எந்த இரவு எந்த ஊரில்" என்ற பட்டியலை எழுத்தில் வாங்கி, பக்கத்தில் உயரத்தைக் குறித்துப் பாருங்கள். 79,000 ரூபாய்த் திட்டத்தின் மூன்று நாளும் காத்மாண்டு ஊர்சுற்றலுக்கே போகிறது என்றால், அந்தக் கூடுதல் தொகைக்கும் உங்கள் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை.

அடுத்து "லுக்லா விமானம்" என்ற இரண்டு சொற்களை விரித்துக் கேளுங்கள். கூட்டம் மிகுந்த பருவங்களில் பெரும்பாலான லுக்லா விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து அல்லாமல், நான்கைந்து மணி நேரச் சாலைப் பயணத்துக்கு அப்பால் உள்ள ராமேசாப் மாவட்டத்தின் மன்தலி விமான நிலையத்திலிருந்தே புறப்படுகின்றன. நள்ளிரவுக்குப் பின் கிளம்பும் அந்த ஜீப்பின் கட்டணம் யார் பொறுப்பு? மேகம் மூடி விமானம் ரத்தானால் கூடுதல் இரவுகளின் செலவும், ஹெலிகாப்டரில் போக நேர்ந்தால் அந்த வித்தியாசமும் யாருடையவை? திரும்பும்போது காத்மாண்டுவில் ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டுத்தான் இந்தியாவுக்கான டிக்கெட்டை எடுக்க வேண்டும். 14 நாள் திட்டத்தில் அந்த இடைவெளி உள்ளடங்கியிருந்தால் விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி நியாயமானதே.

கட்டணங்களில் இன்னொன்று உண்டு. சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் பிற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய் என்றால், இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டினருக்கு அதில் பாதியான 1,500தான். பொதுவான விலைப்பட்டியலை அப்படியே உங்களுக்கும் அனுப்பியிருந்தால் குறைக்கச் சொல்லுங்கள். ஊராட்சி நுழைவுக் கட்டணம் தனி. வெந்நீர்க் குளியல், கைப்பேசிக்கு மின்னேற்றம், இணையம், கொதிக்க வைத்த குடிநீர் ஆகியவை ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் உங்கள் கைச்செலவுதான்; உயரம் கூடக் கூட இவற்றின் விலையும் கூடும். காலா பத்தர் குன்று திட்டத்தில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அடிவார முகாமில் நின்றால் எவரெஸ்ட் சிகரம் கண்ணுக்குத் தெரியாது. விளம்பரங்களில் சிகரம் முழுதாகத் தெரியும் படங்கள் பலவும் காலா பத்தரிலிருந்து எடுக்கப்பட்டவை.

சுமை தூக்கும் போர்ட்டருக்கு நிறுவனம் காப்பீடு எடுத்திருக்கிறதா, ஒருவருக்கு எத்தனை கிலோ ஏற்றுகிறார்கள் என்பதைக் கேட்கவும் தயங்க வேண்டாம். நேபாளத்தில் நடைப்பயணப் போர்ட்டருக்கு 30 கிலோ வரம்பு உண்டு. விலையை அடிமட்டத்துக்குக் குறைக்கும் நிறுவனம் எங்கே மிச்சம் பிடிக்கிறது என்பது இந்தப் பதிலில் பெரும்பாலும் தெரிந்துவிடும். மற்றவர் முதுகில் சேமித்த பணத்தில் நாம் மலை ஏற வேண்டியதில்லை.

கேள்வி: இணையக் கடையில் "மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும்" என்று போட்ட ஸ்லீப்பிங் பேக் ஒன்று 4,800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தப் பயணத்துக்கு வாங்கலாமா? (சென்னை)

பதில்: அந்த மைனஸ் 15 எந்த அளவுகோலின்படி வந்தது என்று பாருங்கள். ஸ்லீப்பிங் பேக்குகளைச் சோதிக்க ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது (அதற்கு முன் ஐரோப்பாவின் இஎன் 13537 இருந்தது). சூடேற்றிய மனித உருவப் பொம்மையைப் பைக்குள் படுக்க வைத்து, குளிர் அறையில் வெப்ப இழப்பை அளந்து கணக்கிடுகிறார்கள். அப்படிச் சோதித்த பையின் சீட்டில் ஓர் எண் இருக்காது, மூன்று இருக்கும். "கம்ஃபர்ட்" என்பது சராசரிப் பெண் ஒருவர் தளர்வாகப் படுத்துக் குளிர் தெரியாமல் உறங்கக்கூடிய வெப்பநிலை. "லிமிட்" என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை. "எக்ஸ்ட்ரீம்" என்பதோ சுமார் ஆறு மணி நேரம் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற அளவு மட்டுமே. அதில் தூக்கத்துக்கு இடமில்லை, பனிக்கடிக்கும் வாய்ப்புண்டு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பல நேரங்களில் இந்த மூன்றாவது எண். தரநிலையின் பெயரே இல்லாமல் ஒற்றை எண்ணை மட்டும் போட்டிருந்தால், அது விற்பவர் சொல்லும் எண், அவ்வளவுதான்.

நடைப்பயணிகள் தங்கும் விடுதிகளில் உணவுக்கூடத்தில் மட்டும்தான் அடுப்பு எரியும், படுக்கை அறைகளில் கணப்பு இராது. லொபுச்சேயிலும் கோரக்‌ஷெப்பிலும் அறைக்குள்ளேயே குடிநீர் உறைவதுண்டு. "கம்ஃபர்ட்" எண் மைனஸ் 10 அளவில் இருக்கும் பையும், விடுதியில் தரும் கம்பளியும் சேர்ந்தால் அக்டோபர் மாதத்துக்குப் போதும். இறகு அடைத்த அத்தகைய பை நம் சந்தையில் விலை கூடியது. சென்னையின் ஈரக் காற்றில் அதைப் பல ஆண்டுகள் பூஞ்சை பிடிக்காமல் வைத்திருப்பதும் கடினம். ஆகவே, ஒரே ஒரு பயணத்துக்கு என்றால் வாங்காதீர்கள். காத்மாண்டுவின் தமேல் பகுதியில் நாள் வாடகைக்கு எடுங்கள். கடையிலேயே பையை விரித்து, ஜிப்பை இரண்டு முறை முழுவதும் ஏற்றி இறக்குங்கள். தையல் கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்து, இறகு ஒதுங்கி வெறும் துணியாக இருக்கும் இடம் இருந்தால் வேறு பை கேளுங்கள். முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். பிணையாகப் பாஸ்போர்ட்டை மட்டும் எந்தக் கடையிலும் ஒப்படைக்க வேண்டாம்.

தமேலில் புகழ்பெற்ற நிறுவனங்களின் சின்னம் தைத்த ஜாக்கெட்டுகள் மிகக் குறைந்த விலையில் தொங்கும். அவற்றில் பல போலிகள். உத்தரவாதம் கிடையாது, ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் கடைக்காரர்மீது இங்குள்ள நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டுப் பயன் காண்பதும் அரிது. சின்னத்துக்காகப் பணம் கொடுக்காமல், கையில் எடுத்து எடையும் தையலும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கி, பெட்டியிலேயே வைத்திருக்கும் உயர்ரக ட்ரெக்கிங் ஷூவை இப்போது பயன்படுத்தலாமா? (திருச்சி)

பதில்: பார்க்கப் புதிதாக இருந்தாலும் நம்ப வேண்டாம். பல ட்ரெக்கிங் ஷூக்களில் அடிப்பாகத்துக்கும் மேல்பாகத்துக்கும் இடையே பாலியூரித்தேன் அடுக்கு இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளை மெல்லச் சிதைக்கும். அணியாமல் பூட்டி வைத்தாலும் இது நடக்கும், நம் ஊர் வெப்பத்தில் இன்னும் வேகமாக நடக்கும். அந்த அடுக்கைக் கட்டை விரலால் அழுத்துங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, பொடி உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ ஷூவைக் கைவிடுங்கள். அறிகுறி எதுவும் இல்லை என்றாலும், ஒரு மாதம் தினமும் அணிந்து படிகளில் ஏறி இறங்கிப் பார்த்த பிறகே மலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பாதி விலைத் தள்ளுபடியில் புதிதாக வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டில் அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதியாளரின் பெயர், முகவரி ஆகியவற்றுடன் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். பழைய சரக்காக இருந்தால் தள்ளுபடியின் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, பயணத்துக்கு அணியப்போகும் தடித்த காலுறையோடு அளவு பாருங்கள். சரிவில் இறங்குவதுபோல் நின்றால் கால்விரல் முன்னால் இடிக்கக் கூடாது.

கேள்வி: வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுத்துவிட்டேன். இதுவே போதும் என்று முகவர் சொல்கிறார். சரியா? (மதுரை)

பதில்: முகவர் சொல்வதை விட்டுவிட்டு, பாலிசி ஆவணத்தில் விலக்குகள் என்ற பகுதியைத் திறந்து படியுங்கள். மலையேற்றமும் சாகச விளையாட்டுகளும் விலக்கு என்று அங்கே பொதுவாக ஒரு வரி இருக்கும். சில பாலிசிகள் நடைப்பயணத்தை ஏற்றுக்கொண்டு, குறிப்பிட்ட உயரம் வரை மட்டும் என்று வரம்பு கட்டும். அடிவார முகாம் 5,364 மீட்டர். காலா பத்தர் அதைவிட உயரம். ஆகவே 6,000 மீட்டர் வரை, கயிறும் பனிக்கோடரியும் இல்லாத நடைப்பயணம், ஹெலிகாப்டர் மீட்பு ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பயண ஊர்களின் பெயரோடு கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஹெலிகாப்டர் மீட்புக்கு நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டுமா, கட்டணத்தை அவர்களே நேரடியாகச் செலுத்துவார்களா, நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டுமா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2018-இல் நேபாள அரசு நடத்திய விசாரணையில், தேவையில்லாமல் பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றுவதும், ஒரே பறத்தலுக்குப் பல காப்பீட்டுக் கோரிக்கைகள் அனுப்புவதும் வெளிப்பட்டன. இலேசான தலைவலிக்கே வழிகாட்டி ஹெலிகாப்டரை அழைக்கச் சொன்னால், முதலில் அன்றைய ஏற்றத்தை நிறுத்துங்கள். குறையாவிட்டால் கீழே இறங்குங்கள். பருவ காலத்தில், டிங்போச்சேக்கு அருகில் உள்ள ஃபெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவமனை இயங்குகிறது. ஆனால் ஓய்வெடுக்கும்போதும் மூச்சு வாங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோப்பதன் அறிகுறிகள். அந்த நிலையில் பாலிசியை எண்ணிக்கொண்டிராமல் உடனே உயரத்தைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: நேபாளம் செல்ல ஆதார் அட்டை போதுமா? (சேலம்)

பதில்: விமானத்தில் செல்வதானால் போதாது. பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் மட்டும் ஆதார் போன்ற பிற அட்டைகளுக்குச் சலுகை உண்டு.

கேள்வி: முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டியிருந்தேன். டைஃபாய்டு வந்ததால் புறப்பாட்டுக்கு 25 நாள் முன்பே ரத்து செய்தேன். "பணம் திரும்பத் தரப்படாது" என்று நிபந்தனையில் இருப்பதாகச் சொல்லி, நிறுவனம் ஒரு ரூபாய்கூடத் தர மறுக்கிறது. நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. என்ன செய்வது? (ஈரோடு)

பதில்: நிபந்தனையில் எழுதிவிட்டதாலேயே அது முடிந்த முடிவாகிவிடாது. நுகர்வோருக்கு விதிக்கும் தண்டம், உண்மையில் ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அளவில் இருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. விமான டிக்கெட்டின் ரத்துக் கட்டணத்தை அவர்கள் கழித்துக்கொள்வது நியாயம். ஆனால் நீங்கள் சாப்பிடாத உணவுக்கும், தங்காத விடுதிக்கும், அமர்த்தாத போர்ட்டருக்கும், வாங்கியே இராத பூங்கா அனுமதிக்கும் உங்கள் பணத்தை வைத்துக்கொள்ள என்ன அடிப்படை என்று அவர்கள் காட்ட வேண்டும்.

முதலில், உங்கள் பெயரில் உண்மையாகச் செலவான தொகைக்கு ரசீதுகளுடன் கணக்குத் தருமாறு மின்னஞ்சலில் கேளுங்கள். மருத்துவச் சான்றையும் இணையுங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே ஒரு பகுதியைத் திருப்பித் தர முன்வருவதுண்டு. அதிலும் தீராவிட்டால், பெங்களூருக்கு அலையாமல் நீங்கள் வசிக்கும் ஈரோட்டிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்யலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மாவட்ட ஆணையத்துக்கான மனுவில் சேவைக் குறைபாட்டையும் நியாயமற்ற வணிக நடைமுறையையும் முதன்மையாக எழுதுங்கள். ஒப்பந்தமே நியாயமற்றது என்று அறிவிக்கக் கோருவதானால் அதற்குரிய இடம் மாநில ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அதுவரை அந்த நிறுவனத்தின் விளம்பரப் பக்கம், நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள், வாட்ஸ்அப் உரையாடல்கள் அனைத்தையும் தேதி தெரியும்படி இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிபந்தனைப் பக்கங்களை எந்த நேரத்திலும் மாற்றிவிட முடியும்.