நசாவுவில் கப்பல் நிற்கும் அந்த ஒரு பகல்: கேள்வி-பதில்

கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் வாங்குவது பற்றி ஒருமுறை எழுதினேன். அதிலிருந்து வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஊரைப் பற்றித்தான் கேட்கின்றன: பஹாமாஸின் தலைநகர் நசாவு. மியாமியில் மூணு நாள், நாலு நாள் கப்பல் ஏறுகிற நம் ஆட்கள் பெரும்பாலும் அங்கேதான் இறங்குகிறார்கள். அதனால் இந்த முறை நசாவு மட்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மதுரையிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். கப்பலுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. இப்போது பார்த்தால் நசாவுவில் கொலை, கும்பல் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்டிருக்கிறது. இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடலாமா அக்கா? (வாசகி, டாலஸ்)

பதில்: இறங்குங்கள். நீங்கள் பார்த்தது 2024 ஜனவரியில் வந்த எச்சரிக்கையாக இருக்கும். வருஷம் பிறந்து அந்த மாதம் முடிவதற்குள் நசாவுவில் 18 கொலைகள், அதில் பட்டப்பகலில் தெருவில் நடந்ததும் உண்டு என்று அது சொன்னது. கும்பல்கள் ஒன்றையொன்று பழிவாங்குவதுதான் முக்கியக் காரணம் என்றும் அதிலேயே இருக்கிறது. நம்மைத் தேடி வருகிற ஆபத்து இல்லை. தெரியாமல் நாம் போய் நடுவில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

எது வரைக்கும் நடப்பது என்பதைக் கப்பலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பிரின்ஸ் ஜார்ஜ் துறையில் இறங்கினால் எதிரே பே ஸ்ட்ரீட், பக்கத்தில் விக்டோரியா ராணி சிலை இருக்கிற நாடாளுமன்றச் சதுக்கம். பகலில் ஜனம் நிறைந்த இடங்கள், தாராளமாக நடக்கலாம். அப்புறம் எல்லாரும் பார்க்க நினைப்பது குயின்ஸ் ஸ்டேர்கேஸ், அடிமைகளை வைத்துச் சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய 65 படிகள். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தூதரகம் பெயர் சொல்லி எச்சரித்த 'ஓவர் தி ஹில்' பகுதி ஷெர்லி ஸ்ட்ரீட்டுக்குத் தெற்கே இருக்கிறது, இந்தப் படிகளும் ஷெர்லி ஸ்ட்ரீட்டைத் தாண்டித்தான் இருக்கின்றன. அதனால் அங்கே மட்டும் டாக்ஸியில் போங்கள், இல்லையென்றால் கூட்டத்தோடு போங்கள். மேலே ஃபின்காசில் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள். "இன்னும் ரெண்டு தெரு நடந்துதான் பார்ப்போமே" என்று அப்பா கிளம்பினாலும் விடாதீர்கள்.

அங்கே வண்டிகள் நம்மூர் மாதிரி இடது பக்கம் ஓடும். மதுரையிலிருந்து வந்தவர்களுக்கு அது பழக்கம். டாலஸில் வளர்ந்த பிள்ளைகள்தான் வேறு பக்கம் பார்த்துவிட்டுச் சாலையில் காலை வைப்பார்கள், அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 919, 911 இரண்டு எண்ணும் வேலை செய்யும்.

கேள்வி: ஜன்கானூ கடற்கரையில் ஜெட் ஸ்கீ, அதான் தண்ணீரில் ஓட்டுகிற ஸ்கூட்டர், அரை மணிக்கு 60 டாலராம். பேரம் பேசினால் எவ்வளவு குறையும்? மகளுக்கு 16 வயது, ரொம்ப ஆசைப்படுகிறாள். (வாசகர், அட்லாண்டா)

பதில்: வேண்டவே வேண்டாம். நசாவுவில் ஜெட் ஸ்கீ விடுகிறவர்கள் சுற்றுலா வந்தவர்களிடம், 18 வயது ஆகாதவர்கள் உட்பட, பாலியல் வன்முறை செய்திருக்கிறார்கள் என்று அமெரிக்க அரசு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. தன் ஊழியர்களே அங்கே தனி ஆட்கள் நடத்தும் ஜெட் ஸ்கீயில் ஏறக் கூடாது என்று தடையும் போட்டது. பெண்ணைப் பெற்றவர் முதலில் விசாரிக்க வேண்டியது விலையை இல்லை.

கேள்வி: கப்பலில் விற்கும் ஸ்நார்க்கல் பயணம் (மூச்சுக் குழாய் மாட்டிக்கொண்டு கடலில் மீன் பார்ப்பது) தலைக்கு 95 டாலர். கரையில் அதே பயணம் 45 என்கிறார்கள். நாலு பேருக்கு 200 டாலர் மிச்சம். எதை எடுக்கலாம்? (வாசகர், எடிசன்)

பதில்: 200 டாலர் பெரிய பணம்தான். நானும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவள். துறைமுக வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் ரொக்கமாகக் கொடுத்து நாலு பேருக்கு வாங்கினேன். ரசீது கேட்டதற்கு ஒரு வெள்ளைத் தாளில் நாலு பேர், ரெண்டு மணி என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். படகில் ஏறின பிறகுதான் என் பையனுக்குக் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்தேன். இடுப்புப் பட்டையில் கொக்கி உடைந்துபோய், அந்த இடத்தில் நீல நைலான் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி முடிச்சு கல் மாதிரி இறுகிவிட்டது, அவிழ்க்கவும் முடியவில்லை, இழுத்து இறுக்கவும் முடியவில்லை. தலை வழியாக மாட்டினால் தொளதொளவென்று நின்றது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே வந்துவிடும், பிள்ளை கீழே போய்விடுவான். வேறு கொடுங்கள் என்றேன், இல்லை என்றார்கள். இறங்கிவிட்டோம். பணம் போனது போனதுதான். யாரிடம் போய்க் கேட்பது? அந்தத் தாளில் பெயரே இல்லை.

கப்பலில் கொடுக்கிற கூடுதல் பணத்துக்கு முக்கியமாகக் கிடைப்பது ஒன்றுதான்: அவர்கள் விற்ற பயணம் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த ஊரில் கொண்டு சேர்ப்பார்கள். வெளியே வாங்கினால் அது கிடையாது. ஆனால் கப்பலில் வாங்கியதாலேயே படகு நல்ல படகு என்று நினைத்துவிடாதீர்கள், அதை ஓட்டுவது பெரும்பாலும் உள்ளூர்க் கம்பெனிதான். 2023 நவம்பரில் நசாவுவிலிருந்து புளூ லகூன் தீவுக்குப் போன இரண்டு தட்டுப் படகு மூழ்கியதில் ஒரு அமெரிக்கப் பெண்மணி இறந்துபோனார். பல காலமாகக் கப்பல் பயணிகள் போய் வருகிற இடம் அது. யாரிடம் வாங்கினாலும் படகு கிளம்புவதற்கு முன் லைஃப் ஜாக்கெட்டைப் பிள்ளைகளுக்கு மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரைக்கும் ஏறினால் அது உதவாது.

வெளியேதான் வாங்குவேன் என்றால் வீட்டிலிருந்தே வாங்குங்கள். முகவரி உள்ள கம்பெனியாக இருக்கட்டும், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பயணம் நடக்கவில்லை என்றால் பில் வந்த 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுதித் தகராறு செய்ய அமெரிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு என்னால் அதுகூடச் செய்ய முடியவில்லை.

கேள்வி: கப்பலில் ஒரு பெண் மேடையேறி, எந்தெந்தக் கடையில் நம்பி வாங்கலாம் என்று பேசி வரைபடம் கொடுத்தார். அதில் இருந்த கடையில் தான்சனைட் என்கிற நீலக் கல் வைத்த மோதிரம் 1,100 டாலருக்கு வாங்கினேன். ஊரில் மதிப்புப் போட்டால் 400 கூடத் தேறாது என்கிறார்கள். கப்பல் கம்பெனி கைவிரித்துவிட்டது. (வாசகி, டொரான்டோ)

பதில்: உங்கள் மேல் தப்பில்லை அம்மா. யாரை நம்பலாம் என்று கேட்டுக்கொண்டுதானே போனீர்கள். நானும் அப்படி ஒரு வரைபடத்தை நம்பி முத்துச் சரம் வாங்கி, வீட்டுக்கு வந்து விசாரித்தபோது நெஞ்சு எரிந்தவள்தான்.

அந்த வரைபடத்தில் இடம் பிடிக்கக் கடைகள் பணம் கட்டுகின்றன. மேடையில் பேசினவர் கடைகளுக்காகப் பேசினவர். பொடி எழுத்தில் அதைச் சொல்லியும் இருப்பார்கள். அவர்கள் சொல்கிற உத்தரவாதம் பொதுவாகக் கல் உதிர்ந்தால், பழுது இருந்தால் மட்டும்தான், விலை அதிகம் என்பதற்குச் செல்லாது. ஆனால் உங்கள் ரசீதில் எழுதியிருக்கிற தரமும் காரட்டும் மதிப்பீட்டாளர் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை என்றால் கதை வேறு. அது விலைத் தகராறு இல்லை, சொன்ன பொருளைக் கொடுக்காதது. இரண்டு தாளையும் சேர்த்து, கார்டு கம்பெனிக்கு இன்றைக்கே எழுதுங்கள்.

இந்த வரைபடத்தின் மேல் எனக்கு வேறொரு கோபம் பல வருஷமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எந்த நகைக் கடைக்கு எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று அவ்வளவு தெளிவாகப் போட்டுக் கொடுக்கிறார்கள், எந்தத் தெருவுக்குப் போகக் கூடாது என்று எனக்குக் கொடுத்ததில் ஒரு வரி இல்லை. 2010 ஜூலையில் கார்னிவல் கம்பெனியின் கப்பல் ஒன்று கரீபியனில் இருக்கும் செயின்ட் தாமஸ் தீவில் நின்றது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒரு குடும்பம் கோக்கி கடற்கரைக்குப் போனது. போங்கள் என்று சொன்னது கப்பல் ஊழியர் ஒருவர்தான் என்று பிறகு வழக்கில் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் கும்பல் தகராறில் இறந்த ஒருவனின் இறுதிச் சடங்கு அன்றைக்கு. திரும்பும் வழியில் திறந்த பேருந்து நெரிசலில் மாட்டியது, இரண்டு கும்பல்கள் சுட்டுக்கொண்டன, பேருந்தில் இருந்த அந்தக் குடும்பத்தின் பதின்வயதுப் பெண் இறந்துபோனாள். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்த வழக்கை 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்ப எடுக்க வைத்தது. பயணிகள் போவார்கள் என்று தெரிந்த இடத்தில் இருக்கும் ஆபத்து கம்பெனிக்குத் தெரிந்திருந்தால், தெரிந்திருக்க வேண்டும் என்றால், பயணிகளிடம் சொல்வது அவர்கள் கடமை என்றது தீர்ப்பு. ஒரு பெண் குழந்தையின் உயிர் போய்த்தான் இதை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் நீங்களாகவே கேளுங்கள். முந்தின நாள் ராத்திரி வரவேற்பு மேஜைக்குப் போய், "நாளைக்கு எந்தப் பகுதிக்குப் போக வேண்டாம்?" என்று நேராகக் கேட்டு, பதிலைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.  டிக்கெட் நிபந்தனைகளையும் படியுங்கள். காயம் பட்டால் பல கம்பெனிகள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கச் சொல்கின்றன, ஒரு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அதுவும் மியாமியில்தான். வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த தம்பதி, லாஸ் ஏஞ்சலிஸில் கப்பல் ஏறி, மெக்சிகோ பக்கம் தளத்தில் வழுக்கி விழுந்ததற்குக்கூட டிக்கெட்டில் இருப்பதால் ஃபுளோரிடாவுக்குத்தான் போக வேண்டும் என்று 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கேள்வி: கியூபா சுருட்டு பே ஸ்ட்ரீட்டில் மலிவாம். அண்ணனுக்கு ஒரு பெட்டி வாங்கி நியூ ஜெர்சிக்குக் கொண்டுவரலாமா?

பதில்: கூடாது, 2020 செப்டம்பரிலிருந்து தடை.

கேள்வி: சந்தைப் பக்கம் ஒரு பெண் என் பேத்தியின் தலையை அன்பாகத் தொட்டுப் பின்ன ஆரம்பித்தார். எவ்வளவு என்று கேட்டேன், "ரெண்டு டாலர்" என்றார். முடித்ததும் ஒரு பின்னலுக்கு ரெண்டு என்று 80 டாலர் கேட்டார். இன்னும் இரண்டு பேர் வந்து நின்றுகொண்டார்கள். பயந்து கொடுத்துவிட்டேன். மருமகன் என்னைத்தான் திட்டுகிறார். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கொடுத்துவிட்டு வந்ததுதான் சரி. பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, மொழி சரியாக வராத ஊரில், மூணு பேர் சுற்றி நிற்கும்போது வேறென்ன செய்வீர்கள்? இந்தப் பதிலை மருமகனிடம் காட்டுங்கள். உங்களைத் தனியாக விட்டுவிட்டு அவர் எங்கே போனார் என்றும் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு: அங்கே பின்னலுக்கும் சரி, டாக்ஸிக்கும் சரி, "எல்லாம் சேர்த்து, எல்லாருக்கும் சேர்த்து, மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தலைக்கா வண்டிக்கா, போகவா போய் வரவா என்று கேட்காமல் டாக்ஸியில் ஏறாதீர்கள். பஹாமாஸ் டாலரும் அமெரிக்க டாலரும் ஒரே மதிப்பு, அமெரிக்க நோட்டை எங்கேயும் வாங்கிக்கொள்வார்கள். மீதியை உள்ளூர் நோட்டில் கொடுத்தால் அங்கேயே செலவழித்துவிடுங்கள், வெளியே வந்தால் மாற்றுவது கஷ்டம்.

கேள்வி: பாரடைஸ் தீவில் தண்ணீர்ச் சறுக்கு விளையாடிவிட்டு வருவதற்குள் கப்பல் போய்விட்டது. 20 நிமிஷம்தான் தாமதம். பாஸ்போர்ட் எல்லாம் அறையில். விமானச் செலவைக் கம்பெனி தர வேண்டாமா? (வாசகர், சார்லட்)

பதில்: தராது. எல்லாரும் ஏறிவிட வேண்டிய நேரத்தைச் சொல்லியிருப்பார்கள், எழுதியும் கொடுத்திருப்பார்கள். சாயங்காலம் எல்லாரும் ஒரே சமயத்தில் கிளம்பும்போது அந்தத் தீவிலிருந்து நசாவுவுக்கு வருகிற பாலத்தில் டாக்ஸி நகராது. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு கடைசிச் சறுக்கு வரைக்கும் இருந்துவிட்டு எனக்கு எழுதுகிறீர்கள். ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே துறைமுகத்துக்கு வந்துவிட வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். நசாவுவில் அது தொலைந்தால் பஹாமாஸுக்குப் பொறுப்பான நம் ஹை கமிஷன் இருப்பது ஜமைக்காவின் கிங்ஸ்டனில். அமெரிக்க விசாவும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கும். அசலை அறையின் பெட்டகத்தில் பூட்டி, படத்தைக் கைபேசியில் வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். திரும்ப உள்ளே விடக் கப்பல் அட்டையோடு படம் போட்ட அடையாளமும் கேட்பார்கள். ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா என்று முதல் நாளே கப்பலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா தாலிச் செயினைக் கழற்ற மாட்டேன் என்கிறார். ஒன்பது பவுன். பிடுங்கிக்கொண்டு போய்விட்டால்? (வாசகி, ஹூஸ்டன்)

பதில்: கழற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், பயணம் முழுக்க மனசு சரியாக இருக்காது. என் அம்மாவுக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டார், செயின் மட்டும் வீட்டுப் பீரோவில் தங்கிவிட்டது. "கயிறுதானேடி முதல்ல கட்டினது" என்று அவரே சொன்னார். அதற்கும் உங்கள் அம்மா சம்மதிக்கவில்லை என்றால் கழுத்து மூடின ரவிக்கை போடச் சொல்லி, செயினை உள்ளே விட்டு, தோள் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு ஊக்கு குத்துங்கள். கடற்கரையில் புகைப்படம் எடுக்கும்போது அதை வெளியே எடுத்துப் போட விடாதீர்கள்.